ஏழாமவன் யார் என்று எனக்குத் தெரியும்

ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் ஓடி நின்றுபோன ஒரு டிவி தொடரில் நான் வில்லனாக நடித்தேன். வில்லி என்று திருத்த வருபவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், வில்லன்தான். தொடரில் எல்லாரும் அவனை ‘அவன்’ என்றே சொன்னார்கள். பெயர் ஏழாமவன். முகம் கிடையாது, பேச்சு கிடையாது, ஒருவர் கையிலும் சிக்கியது கிடையாது. எங்கள் தெருவே அவனைத் திட்டியது. அதிகம் திட்டியது என் அம்மா.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதிவிட்டு, அடுத்து வரப்போகும் ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் தயாராகிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர், கீழப்பழுவூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊரை ஒட்டி, தோண்டி முடித்துக் கைவிட்ட ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம் உண்டு. நாங்கள் மைன்ஸ் என்போம். சுவர்களைப் படிப்படியாக வெட்டி இறக்கியிருப்பார்கள். ஒவ்வொரு படியும் இரண்டு ஆள் உயரம். அடியில் வெள்ளைவெளேரென்று தரை. ஒரு மூலையில் பச்சையும் நீலமுமாகத் தேங்கிய தண்ணீர். கல்லைப் பெயர்த்தால் சங்கும் கிளிஞ்சலும் கல்லாகிக் கிடக்கும். ஒருகாலத்தில் இங்கே கடல் இருந்ததாம். எனக்கு அது நிம்மதியாக ஓட ஒரு இடம், அவ்வளவுதான். தெருவில் ஓடினால், “ஏ புள்ள, யாரு தொரத்துறா?” என்று கேட்பார்கள். நான் நல்ல உயரம். ‘நெட்டக் கொக்கு’ என்று பட்டப்பெயர் வேறு.

ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போனால், மைன்ஸுக்குள் மூன்று வேன், ஒரு ஜெனரேட்டர், இருபது பேர். நான் ஏற்கெனவே அடிவரை ஓடி இறங்கிவிட்டேன். யாரோ மைக்கில் கத்தினார்கள்.

“யாருங்க அது? ஃபிரேம்ல வராதீங்க! ஓடுங்க, ஓடுங்க!”

ஃபிரேம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? பதற்றத்தில் பக்கத்திலிருந்த சுவரில் ஏறினேன். அங்கே ஆடுகள் ஏறி ஏறித் தேய்ந்த தடம் ஒன்று உண்டு. நடுவில் ஒரு பெரிய பாறைத் துண்டு சாய்ந்து நிற்கும். அதற்குப் பின்னால் ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சந்து. அதில் புகுந்து மேலே ஏறி, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

குளித்துவிட்டுப் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் வேன் வந்து நின்றது. அம்மா அங்கன்வாடியில் சமையல் வேலை பார்ப்பவள், கிளம்பிப் போயிருந்தாள். அப்பா இருந்தார். அவர் டிப்பர் லாரி டிரைவர், அன்று மதிய ஷிப்ட். வேனிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கினார். முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும், “நீங்கதானே காலைல செவுத்துக்குள்ள பூந்தது?” என்றார்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். “தெரியாம வந்துடுச்சுங்க சார். இனிமே அந்தப் பக்கமே வராது.”

“ஐயோ, வரணும்ங்க! அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

அவர்தான் தொடரின் இயக்குநர். தன் போனை நீட்டினார். வெள்ளைச் சுவர். அதில் எறும்பு மாதிரி ஒரு உருவம் விறுவிறுவென்று ஏறுகிறது. ஏறிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று இல்லை. பாறை விழுங்கிவிட்டது மாதிரி இருந்தது. அது நான்தான் என்று தெரிந்தும் எனக்கே புல்லரித்தது. “இத இருபது தடவ பாத்துட்டேன்” என்றார் இயக்குநர். சொல்லிக்கொண்டே மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தார், அப்படி ஒரு பரபரப்பு.

கதையைச் சொன்னார். பூமியிலிருந்து ஆறு பேர் ஒரு வறண்ட கிரகத்தில் போய் இறங்குகிறார்கள். விண்கலம் பழுதாகிவிடுகிறது. கையிலிருக்கும் தண்ணீர்தான் உயிர். ஒருநாள் தரையில் காலடித் தடங்களை எண்ணிப் பார்த்தால் ஏழு பேருடையது. அந்த ஏழாவது ஆள் தண்ணீரைத் திருடுகிறான், கருவிகளைக் கழற்றிப் போடுகிறான், துரத்தினால் மறைந்துபோகிறான். அவனாக நடிக்கச் சென்னையிலிருந்து வந்த சண்டை நடிகர், முதல் நாளே சுண்ணாம்புச் சரளையில் வழுக்கிக் கால் பிசகி உட்கார்ந்திருக்கிறார்.

“உங்க மூஞ்சி தெரியாது. தலைல ஹெல்மெட் இருக்கும். ஓடணும், ஏறணும், மறையணும். ஆனா அது நீங்கன்னு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா கதையே போச்சு.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “இவ அம்மாவுக்கும் சொல்ல வேணாங்களா?”

“அவங்களுக்குச் சொல்லலாம்...”

“வேணாம் சார்” என்றார் அப்பா. “அவளுக்குத் தெரிஞ்சா அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிஞ்சுடும்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. ஷூட்டிங்கில் துணிமணி எடுத்துக் கொடுக்கிற வேலை என்று அம்மாவிடம் சொன்னேன். “பரவால்லயே, நெழல்ல ஒக்காந்து செய்யிற வேல” என்றாள்.

நிழலாவது! சாம்பல் நிறத்தில் கணுக்கால்வரை ஒரு அங்கி. பைக் ஹெல்மெட்டின் முன்பக்கத்தில் கண்ணாடித் தாள் ஒட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் முகமே அதில் தெரியும். உள்ளேயிருந்து எனக்கு எல்லாம் அந்தி நேரம் மாதிரி மங்கலாகத் தெரியும். உள்ளே ஈரத்துண்டு கட்டிக்கொள்வேன், பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். ஆனால் அதை மாட்டிக்கொண்டு முதல் தடவை நிமிர்ந்து நின்றேன் பாருங்கள், அந்த நிமிடத்தை இன்றும் மறக்க முடியவில்லை. பஸ்ஸில், கல்யாண வீட்டில், போட்டோவுக்கு நிற்கும்போதெல்லாம் தோளைக் குறுக்கியே பழகியவள் நான். இங்கே இயக்குநர், “இன்னும் நிமிருங்க, இன்னும்!” என்றார். காலை அகட்டி வைத்து நடந்தேன். எதிரில் நின்ற நடிகை, நடிப்புக்காக இல்லாமல் நிஜமாகவே ஒரு அடி பின்னால் போனாள். எனக்கு ஹெல்மெட்டுக்குள் சிரிப்பு தாங்கவில்லை.

என் காட்சிகளை அதிகாலையில் எடுத்து எட்டு மணிக்குள் முடித்துவிடுவார்கள். அதன்பிறகுதான் வேடிக்கை பார்க்க ஊர்க்காரர்களை விடுவார்கள். வந்தவர்கள் கண்ணெல்லாம் வேனுக்குள் கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்த சண்டை நடிகர்மேல்தான். அவர் ஒரு மாதம் எங்களோடேயே இருந்தார். எப்படி விழுந்தால் அடிபடாது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தார். பக்கத்து வீட்டு அத்தை அவரைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், “இவன்தான்டி அந்த ஏழாமவன். நொண்டுற மாதிரி நடிக்கிறான். நம்மள ஏமாத்துறானாம்” என்றாள். அம்மா தலையாட்டினாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

தொந்தரவும் இல்லாமல் இல்லை. வேறு கிரகத்தில் மயில் அகவினால் என்ன செய்வது? எங்கள் பக்கம் மயிலுக்குப் பஞ்சமே இல்லை. ஒலிப்பதிவு செய்பவர் முதல் வாரம் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாவது வாரம், அந்தச் சத்தத்தையே இழுத்து நீட்டி, கிரகத்தில் கண்ணுக்குத் தெரியாமல் அலையும் ஒரு மிருகத்தின் சத்தமாக்கிவிட்டார். மேலே வரிசையாகச் சீமைக்கருவேலம் தெரியும், அதையும் மறைத்தாக வேண்டும். பிறகு ஆடுகள்.

ஒருநாள் ஆறு பேரும் விண்வெளி உடையில் நின்று வசனம் பேசிக்கொண்டிருக்க, பின்னால் பதினைந்து ஆடுகள் வரிசையாக இறங்கித் தண்ணீருக்குப் போயின. இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். உதவி இயக்குநர் ஓடிப்போய், ஆடு மேய்க்கும் அக்காவிடம், “கயிறு கட்டியிருக்கோம்ல, தாண்டி ஏங்க வரீங்க?” என்று கேட்டார். அந்த அக்கா நிதானமாகச் சொன்னாள்:

“நான் தெனம் வர்ற வழிங்க இது. நீங்கதான் நேத்து வந்தீங்க. ஆட்டுக்குத் தண்ணி காட்டாம எங்க போவேன்?”

ஆடுகள் குடித்து முடிக்கும்வரை ஷூட்டிங் நின்றது.

தொடர் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தது. முதல் ஞாயிறே எங்கள் வீட்டுக் கூடம் நிரம்பிவிட்டது. நம்ம மைன்ஸ் டிவியில் வருகிறதென்றால் சும்மாவா? “அந்தா அந்தப் பள்ளம், அங்கதான் எங்க மாடு உழுந்துச்சு” என்று ஒருவர் கிரகத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி நிமிடத்தில், வெள்ளைச் சுவரில் அந்தச் சாம்பல் உருவம் ஏறி மறைந்தது. நான் சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“யாருடி இவன்?” என்றாள் அம்மா.

அந்தக் கேள்விதான் அடுத்த இரண்டு மாதமும் ஊரைப் பிடித்து ஆட்டியது. டீக்கடையில் பேசினார்கள், டவுன் பஸ்ஸில் பேசினார்கள். ஏழாமவன் கலத்தின் கேப்டனுக்குக் காணாமல்போன அண்ணன் என்றார் ஒருவர். பக்கத்து வீட்டு அத்தை அடித்துச் சொன்னாள், “கலத்துல வந்த ஆறு பேர்ல ஒரு டாக்டரம்மா இருக்கால்ல, அவ புருஷன்டி. மூஞ்சியக் காட்டுனா அவ கண்டுபுடிச்சுடுவான்னுதான் மூடிக்கிட்டுத் திரியறான்.” பெரம்பலூரில் படிக்கும் என் தோழி போன் செய்து, அவள் ஹாஸ்டலில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவதாகச் சொன்னாள். “உனக்குத் தெரியும்ல? நீ அங்கதானே வேல பாக்குற? சொல்லுடி!” நாக்கு நுனிவரை வந்துவிடும். கடித்துக்கொள்வேன்.

நாலாவது வாரம், ஏழாமவன் கடைசித் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அம்மா எழுந்தே விட்டாள்.

“பச்சத் தண்ணிய எடுக்கறானே, இவன் வெளங்குவானா? கட்டைல போறவன்! இவன் காலு முறிய! எந்தச் சிறுக்கி பெத்தாளோ!”

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அங்கிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

ஏழாவது வாரக் காட்சிகளை எடுத்து முடித்த ஒரு காலையில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். இயக்குநர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மொத்தம் பதின்மூன்று வாரம் என்பது திட்டம். கடைசி வாரத்தில் ஏழாமவன் முகத்தைக் காட்டியாக வேண்டும்.

“சார், அவன் யாரு சார்?” என்று கேட்டுவிட்டேன். ஊரே கேட்கிறது, நான் கேட்கக் கூடாதா?

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எனக்குத் தெரியலம்மா.”

“என்னது?”

“நெஜமா. ரெண்டு முடிவு எழுதி வச்சிருக்கேன். ரெண்டும் புடிக்கல. நீங்கதானே அவனா ஓடுறீங்க. உங்களுக்கு என்ன தோணுது? ஏன் ஓடுறான்?”

அதுவரை என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்கு அந்த ஆட்டுக்கார அக்காதான் ஞாபகம் வந்தாள்.

“அவன் திருடல சார்” என்றேன். “அவன் முன்னாடியே இங்க இருக்கான். இவங்க ஆறு பேரும் அவன் தண்ணி பக்கத்துல வந்து கயிறு கட்டிட்டாங்க. அவன் தண்ணிய அவன் எடுக்க ஒளிஞ்சு வர வேண்டியதாப் போச்சு. இவங்க எண்ணும்போது தங்கள ஒன்னு ரெண்டுன்னு எண்ணிட்டு அவன ஏழுங்கறாங்க. எனக்குத் தெரிஞ்சு அவன்தான் சார் மொதல் ஆளு.”

இயக்குநர் டீயைக் கீழே வைத்தார். எழுந்தார். கொஞ்ச தூரம் நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார். பிறகு அந்த வெள்ளைப் பள்ளம் முழுக்க எதிரொலிக்கிற மாதிரி, “மொதல் ஆளு!” என்று கத்தினார். வேனில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இறங்கி ஓடிவந்தார்கள். அன்றே உட்கார்ந்து மிச்சக் கதையை மாற்றி எழுதினார். மாலையில் என்னைக் கூப்பிட்டு, “கடைசில ஹெல்மெட்டக் கழட்டுறது நீங்கதான். உங்க மூஞ்சிதான். வேற யாரும் கெடையாது” என்றார்.

வீட்டுக்கு நடந்தேனா, பறந்தேனா தெரியாது. இன்னும் ஆறு வாரம். பதின்மூன்றாவது ஞாயிறு, அதே கூடம், அதே ஜனம், அம்மா முன்வரிசை. டிவியில் என் முகம்! நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாவது வாரம் முடிந்த திங்கட்கிழமை எல்லாம் நின்றுபோனது. சேனலில் இருந்து போன் வந்ததாம். பார்ப்பவர்கள் போதவில்லை, அடுத்த ஞாயிறு முதல் வேறு நிகழ்ச்சி. எங்கள் ஊரில் பார்த்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் அந்தத் தொடர் பத்து வருடம் ஓடியிருக்கும். இயக்குநர் ஒரு கல்லில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கேப்டனாக நடித்தவர்தான் முதலில் வாய் திறந்தார்.

“சார், கேமரா இன்னும் நாலு நாளைக்கு நம்மகிட்ட இருக்குல்ல? கடைசி சீன எடுத்துடுவோம். யாரு பாக்கறா, பாக்கலங்கறது அப்புறம். ஏழாமவன் யாருன்னு தெரியாம நான் ஊருக்குப் போக மாட்டேன்.”

இயக்குநர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் முதல் நாள் எங்கள் வாசலில் பார்த்த அதே பரபரப்பு. எனக்கும் அந்த நிமிடம் ஒரு ஆசை வந்தது. “சார், இனிமே ரகசியம் எதுக்கு? எங்க அம்மாவக் கூட்டிட்டு வரட்டுங்களா?”

“ஊரையே கூட்டிட்டு வாங்க” என்றார்.

மறுநாள் காலை மைன்ஸ் மேட்டில் திருவிழாக் கூட்டம். கயிற்றுக்கு அந்தப்பக்கம் அம்மா, அத்தை, டீக்கடைக்காரர், ஆட்டுக்கார அக்கா. அப்பா தன் டிப்பரை ஓரமாக நிறுத்திவிட்டு அதன் படிமேல் ஏறி நின்றிருந்தார். கடைசிக் காட்சி இதுதான். தண்ணீரோரம் ஆறு பேரும் கையில் கம்பியோடு காத்திருக்கிறார்கள். ஏழாமவன் சுவரில் இறங்கி, ஒளியாமல் நேராக அவர்கள் நடுவில் வருகிறான். தூக்கிப்போன கேனை நிரப்பிக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைக்கிறான். ஹெல்மெட்டைக் கழற்றுகிறான்.

பாறைச் சந்திலிருந்து நான் வெளிப்பட்டதும் மேட்டில் ஒரே கூச்சல். அதில் அம்மா குரல் தனியாகக் கேட்டது.

“வர்றான் பாரு, வர்றான் பாரு! புடிங்கய்யா அவன! உட்றாதீங்க!”

உதவி இயக்குநர் கும்பிட்டு அமைதிப்படுத்தினார். நான் ஆட்டுத் தடத்தில் குதித்துக் குதித்து இறங்கினேன். அத்தனை மாதத்தில் அவ்வளவு லேசாக நான் ஓடியதே இல்லை. ஆறு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். கேனை வைத்தேன். கை வேர்த்துப் பட்டி வழுக்கியது. இரண்டாவது தடவை இழுத்ததில் ஹெல்மெட் கழன்று வந்தது. முகத்தில் காற்று பட்டது.

மேட்டிலிருந்து முதலில் அத்தைதான், “ஐயய்யோ, நம்ம நெட்டக் கொக்குடி!” என்றாள்.

அம்மா கயிற்றுக்கு அடியில் குனிந்து புகுந்துவிட்டாள். லாரிப் பாதையில் கிடுகிடுவென்று இறங்கி, கேமராவையும் பார்க்காமல், ஆட்களையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

“பாவி மொவளே, இந்த வெயில்ல இந்தச் சட்டியக் கவுத்துக்கிட்டா இத்தன நாளாத் திரிஞ்ச?”

பிறகு திரும்பினாள். கம்பியோடு நின்ற கேப்டனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏய்யா, எம் புள்ளையவா ஒம்போது வாரமாத் தொரத்துனீங்க? ஒரு வாய் தண்ணிக்கு?”

கேப்டன் நடிகர் கம்பியைக் கீழே போட்டுவிட்டார். அது கதையில் இல்லை, தானாகச் செய்தது. மேலே அப்பா டிப்பர் ஹாரனை அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். ஊர் மொத்தமும் கைதட்டியது. இயக்குநர் ‘கட்’ சொல்லவே இல்லை. மானிட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தார். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று ஒளிப்பதிவாளர் கேட்டதற்கு, “எதுக்கு? இதுக்கு மேல என்ன இருக்கு?” என்றார்.

அந்தக் காட்சி எங்கும் ஒளிபரப்பாகவில்லை. படக்குழு இரண்டு நாளில் கிளம்பிப்போனது. போலீஸ் வேலை எனக்கு அந்தத் தடவை கிடைக்கவில்லை. ஓட்டத்தில் முந்தினேன், இறுதிப் பட்டியலில் பெயர் வரவில்லை. ஒன்றரை வருடம் கழித்து வனத்துறையில் வேலை கிடைத்தது. இயக்குநர் பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவார். இப்போது அவர் வேறு சேனலில் சமையல் நிகழ்ச்சி எடுக்கிறார்.

ஒளிபரப்பான ஒன்பது வாரமும் இணையத்தில் இருக்கின்றன. எங்கெங்கோ இருந்து பார்க்கிறார்கள். ஏழாமவன் யார் என்று கீழே கருத்துப் பகுதியில் இன்னும் சண்டை நடக்கிறது. அம்மாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்ததிலிருந்து அவளும் அதில் இறங்கிவிட்டாள். ‘அது எம் பொண்ணு’ என்று வாயால் சொல்லி, போன் அதை எழுத்தாக்க, பதிவு போடுகிறாள். யாரும் நம்புவதில்லை.

போன மாதம் லீவில் வந்திருந்தபோது, யாரோ ஒருவர் அவளுக்குப் பதில் எழுதியிருந்தார். ‘அம்மா, ஏழாமவன் ஒரு ரோபோட். கதையைச் சரியாகப் பாருங்கள்.’

“ரோபோட்டாம்ல!” அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “ரோபோட்டுக்கு ஏதுடி வேர்வ? நான்ல தொடச்சு விட்டேன். இந்தா, நான் சொல்றத எழுது. பேசுனா இது தப்புத் தப்பாப் போடுது.”

போனை வாங்கிக்கொண்டேன். “சொல்லு.”

“எழுது. ‘தம்பி, அவனப் பெத்தவ நான். பெத்தவளுக்குத் தெரியாதா?’”

அப்பா கொல்லைப்பக்கம் எழுந்து போனார். நான் அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் அடித்து அனுப்பினேன்.